ரிப்போர்ட்டில் இரண்டு ‘ஹை’

ராத்திரி 11 மணிக்கு பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்டைத் திறந்தது என் தப்புதான். கல்லீரல் டெஸ்டில் எஸ்ஜிஓடி என்கிற என்சைம் 58, பிலிருபின் என்கிற மஞ்சள் நிறப்பொருள் 1.7, இரண்டுக்கும் பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘ஹை’. அப்புறம் தூக்கம் எங்கே வரும்? ஒரு மணிக்குள் கூகுளில் கல்லீரல் சுருக்கம் வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “ஜிம்முக்குப் போறீங்களா?” ஆறு மாத இடைவெளிக்குப் பிறகு, டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னால்தான் போய் வெறிகொண்டு ஸ்குவாட் போட்டிருந்தேன், ரத்தம் கொடுக்கப் போன அன்று படி இறங்கவே தொடை விடவில்லை. எஸ்ஜிஓடி கல்லீரலில் மட்டும் இருக்கிற சமாச்சாரம் இல்லையாம், தசையிலும் உண்டு, தசை அடிபட்டால் அதுவும் ரத்தத்தில் கசியும். பெரும்பாலும் கல்லீரலிலேயே இருக்கிற இன்னொரு என்சைமான எஸ்ஜிபிடி எனக்கு நார்மல். பிலிருபினில் டைரக்ட், அதாவது கல்லீரல் பதப்படுத்தி முடித்தது, சரியாக இருந்தது, இன்னும் பதப்படுத்தாத இன்டைரக்ட் மட்டும்தான் கூட. ஹீமோகுளோபினும் குறையவில்லை, அதனால் ரத்த அணுக்கள் உடைந்து பிலிருபின் கூடியதாகவும் தெரியவில்லை. நான் வேறு சீக்கிரம் முடியட்டும் என்று முந்தின நாள் மாலையிலிருந்தே சாப்பிடாமல் போயிருந்தேன். கில்பர்ட் என்று ஒரு பரம்பரைக் கூறு உண்டு, அது இருப்பவர்களுக்குப் பட்டினி கிடந்தாலே பிலிருபின் கொஞ்சம் ஏறும், கல்லீரலுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

எனக்குப் புதிதாகத் தெரிந்தது அந்த ‘நார்மல் ரேஞ்ச்’ எப்படி வருகிறது என்பதுதான். பெரும்பாலான டெஸ்டுகளில், ஆரோக்கியமான ஆட்களை அளந்து, நடுவில் வரும் 95 சதவீதத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஓரத்தையும் வெட்டிவிடுகிறார்கள். அதாவது, நல்லா இருக்கிற 100 பேரில் 5 பேர் எப்படியும் கோட்டுக்கு வெளியேதான். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு குறையும் இல்லாத ஆளுக்குக்கூட ஒன்றாவது வெளியே போக 64 சதவீத வாய்ப்பு. மாஸ்டர் செக்கப்பில் எத்தனை டெஸ்ட் என்று எண்ணிப் பாருங்கள்.

சர்க்கரையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7-இலிருந்து ப்ரீடயாபடீஸ், 6.5-இலிருந்து சர்க்கரை நோய் என்பதெல்லாம் பின்னால் வரக்கூடிய பாதிப்பைப் பார்த்துப் போட்ட கோடு, அங்கே “கொஞ்சம்தானே” என்று விட முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு ஆணுக்கு ஹீமோகுளோபின் போன வருடம் 15.5, இந்த வருடம் 13.3 என்றால் ரிப்போர்ட் வாயே திறக்காது, இரண்டும் ரேஞ்சுக்குள். ஆனால் இரண்டு புள்ளி எங்கே போனது, எங்கேயாவது ரத்தம் கசிகிறதா என்று கேட்கவேண்டிய இடம் அது. டாக்டர் பழைய ரிப்போர்ட்டைக் கேட்பது இதற்குத்தான், நான் அதை எங்கேயோ தொலைத்திருந்தேன்.

இரண்டு வாரம் ஜிம் பக்கம் போகாமல், அளவாகப் பட்டினி இருந்து மறுபடி எடுத்தேன். எஸ்ஜிஓடி 26. பிலிருபின் 1.4, அதே தடித்த ‘ஹை’. இந்தத் தடவை அந்தத் தாளைப் பத்திரமாக ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன்.