ஃபைபர் லேசர் செயல்முறைத் தேர்வு: திரையைத் தொடும் முன் நாசிலைப் பாருங்கள்

ஃபைபர் லேசர் வெட்டு மெஷின் ஆபரேட்டர் தேர்வின் ரிசல்ட் போன வாரம் வந்துவிட்டது: காம்பிடென்ட், அதாவது தேறிவிட்டேன். டர்பனில் ஜேக்கப்ஸ், மோபெனி, பைன்டவுன் பக்கத்துத் தகடு வெட்டும் பட்டறைகளில் நம் பிள்ளைகள் பலர் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் சூடு ஆறும் முன் எழுதுகிறேன். எழுத்துத் தேர்வை விட்டுவிடுகிறேன், அது படித்தால் வரும். ஆளைக் கவிழ்ப்பது செயல்முறைத் தேர்வின் இரண்டாம் பாகம். வெட்டு கெட்டுப்போன நிலையில் மெஷினைக் கையில் கொடுத்து, சரிசெய்து காட்டச் சொல்வார்கள்.

அந்த நேரத்தில் எல்லாருடைய கையும் நேராகத் திரைக்குத்தான் போகும். வேகத்தைக் குறை, பவரை ஏற்று, கேஸைக் கூட்டு என்று தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். தயவுசெய்து தொடாதீர்கள். நேற்று வரை நன்றாக வெட்டிய அளவுகள் இன்று தானாகக் கெடுவதில்லை. கெடுவது நாசில் (கதிரும் கேஸும் வெளியே வரும் முனை), லென்ஸைக் காக்கும் கண்ணாடி, கதிர் நாசிலின் நடுவில் வரும் மையம். மூன்றும் வெட்டும் தலைப்பகுதியின் கடைசி ஒரு சாணில் இருக்கின்றன. பயிற்சி வகுப்புகளில் மென்பொருள் மெனுக்களுக்கு வாரக்கணக்கில் நேரம் ஒதுக்குகிறார்கள், இதற்கு அரை மணி நேரம் கூடக் கிடைப்பதில்லை. எனக்கு அது இன்னும் ஆற்றாமைதான்.

முதல் வேலை, 50 மிமீ சதுரம் ஒன்றை வெட்டி எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நான்கு பக்கமும் ஒரே மாதிரி பிசிறு இருந்தால் ஃபோகஸ் (கதிர் குவியும் இடம்), வேகம், கேஸ் ஆகியவற்றில் கோளாறு. ஒரு பக்கம் சுத்தமாகவும் எதிர்ப்பக்கம் பிசிறாகவும் இருந்தால் கதிர் நாசிலின் நடுவில் வரவில்லை, அல்லது நாசில் நசுங்கியிருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால் பாதி வழி வந்தாயிற்று.

மையம் பார்ப்பது இப்படி:

1. நாசிலைக் கழற்றி வெளிச்சத்தில் துளையைப் பாருங்கள். வட்டம் கோணியிருந்தாலோ விளிம்பில் உருகிய மணி ஒட்டியிருந்தாலோ மாற்றுங்கள். சுரண்டிச் சரிசெய்ய முயல வேண்டாம்.
2. மையம் பார்க்க 1.2 மிமீ போன்ற சின்னத் துளை நாசில் நல்லது. பெரிய துளையில் சிறிய விலகல் கண்ணுக்குப் படாது.
3. ஃபோகஸைச் சுழியில் வையுங்கள். கேஸை மூடுங்கள், இல்லாவிட்டால் டேப் பறந்துவிடும்.
4. செலோடேப்பை நாசில் நுனியில் இழுத்து ஒட்டி, விரலால் அழுத்தித் துளையின் வட்டம் டேப்பில் பதியச் செய்யுங்கள். எது மெஷினின் முன்பக்கம் என்று டேப்பிலேயே பேனாவால் குறியுங்கள்.
5. கதவை மூடிக் குறைந்த பவரில் ஒரே ஒரு பல்ஸ் விடுங்கள். சிவப்பு வழிகாட்டி ஒளியை நம்பி மையம் வைக்காதீர்கள்.
6. டேப்பை உரித்துப் பாருங்கள். கருகிய புள்ளி வட்டத்தின் நடுவில் இல்லையென்றால் தலையின் பக்கவாட்டு ஆலன் திருகுகளைக் கொஞ்சமாகத் திருப்பி, புது டேப் ஒட்டி மறுபடி பாருங்கள்.

ஃபோகஸை மேலும் கீழும் மாற்றும்போது புள்ளி இடம் நகர்ந்தால் கோளாறு உள்ளே இருக்கிறது. அது ஆபரேட்டர் கை வைக்கும் இடமல்ல. தேர்வாளரிடம் அப்படியே சொல்லுங்கள், மதிப்பெண் குறையாது.

அடுத்தது பாதுகாப்புக் கண்ணாடி. முதல் சில துண்டுகள் நன்றாக வந்து, போகப் போக மோசமானால் பெரும்பாலும் இதுதான் காரணம். கண்ணாடியில் ஒட்டிய அழுக்கு கதிரை உறிஞ்சிச் சூடாகிறது, சூடான கண்ணாடி ஃபோகஸை இடம் மாற்றுகிறது. கழற்றும் முன் புகை உறிஞ்சும் விசிறியை நிறுத்துங்கள், கேஸ் அழுத்தம் இறங்கட்டும். கண்ணாடித் தட்டை இழுத்த மறு நொடியே அந்தத் திறப்பை டேப்பால் மூடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். உள்ளே போன தூசி மேலே இருக்கும் விலை கூடிய லென்ஸில் உட்காரும். கண்ணாடியை விளிம்பில் மட்டும் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். துடைத்தால் போகிற புகைப்படலம் என்றால், நூல் உதிராத பஞ்சுக்குச்சியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து நடுவிலிருந்து வெளியே சுழற்றித் துடைக்கலாம். வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஊசிப்புள்ளி இருந்தால் அது கருகிய இடம். துடைத்துப் பயனில்லை, மாற்றுங்கள். சீல் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்றும் பாருங்கள்.

நாசிலையோ அதைத் தாங்கும் செராமிக் வளையத்தையோ தொட்டுவிட்டால், நாசிலுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் உயரச் சென்சாரைக் காலிபரேட் செய்தே ஆக வேண்டும். சுத்தமான, மட்டமான தகட்டின் மேல் செய்யுங்கள். தலை துள்ளினால் நாசில் இறுகவில்லை, அல்லது செராமிக்கில் விரிசல்.

இவை மூன்றும் முடிந்த பிறகுதான் திரை. 3 கிலோவாட் மெஷினில் 6 மிமீ மைல்ட் ஸ்டீலுக்கு எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்றால்:

ஆக்சிஜன், சுமார் 0.6 பார்
இரட்டை அடுக்கு நாசில், 1.2 மிமீ
உயரம் 0.8 மிமீ
ஃபோகஸ் தகட்டுக்கு மேலே, சுமார் +4 மிமீ
வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.5 மீட்டர்

ஸ்டெயின்லெஸ் என்றால் எல்லாம் தலைகீழ். நைட்ரஜன், 10 பாருக்கு மேல் அழுத்தம், ஒற்றை அடுக்கு நாசில், ஃபோகஸ் தகட்டுக்குள். சில மெஷின்களில் கூட்டல் கழித்தல் குறிகள் மாறியிருக்கும், ஆகவே முதலில் அதைக் கேட்டுத் தெளிவாகுங்கள். ஒரே நேரத்தில் ஒரே அளவை மட்டும் மாற்றுங்கள். ஃபோகஸ் என்றால் 0.5 மிமீ படியாக.

தீப்பொறியையும் பாருங்கள். நேராகக் கீழே கொட்டினால் வேகம் சரி. பின்னால் சாய்ந்து ஓடினால் வேகம் அதிகம். குறைவாகவும் திரண்டும் விழுந்தால் வேகம் போதவில்லை. ஸ்டெயின்லெஸ் விளிம்பு மஞ்சள் பூத்தால் நைட்ரஜனில் ஆக்சிஜன் கலந்திருக்கிறது. சிலிண்டர், குழாய் இணைப்பு, சுத்தம் செய்யாமல் விட்ட லைன் என்று அந்த வரிசையில் தேடுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒன்று 3சிஆர்12. சுமார் 11 முதல் 12 சதவீதம் குரோமியம் உள்ள, தென்னாப்பிரிக்காவில் உருவான ஸ்டெயின்லெஸ் ரகம் இது. வடகடற்கரைச் சர்க்கரை ஆலை வேலைகளில் கைக்கு வரும். காந்தம் ஒட்டும், பார்க்க மங்கலாக இருக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்து மைல்ட் ஸ்டீல் என்று முடிவு செய்து ஆக்சிஜன் போட்டுவிடாதீர்கள். விளிம்பு கருகி, பிறகு வெல்டிங்கும் கெடும். தகட்டின் முத்திரையையும் சான்றிதழையும் படியுங்கள். வெட்ட வேண்டியது நைட்ரஜனில்.

அடுத்து சில்லர், அதாவது லேசரைக் குளிர்விக்கும் தண்ணீரைத் தரும் மெஷின். ஜனவரி, பிப்ரவரி டர்பன் புழுக்கத்தில் இதைத் தெரியாதவர் மெஷினைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. அறை வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 26 டிகிரி. சில்லர் தண்ணீர் 22 டிகிரியில் ஓடினால் கதிரை உண்டாக்கும் லேசர் மூலத்துக்குள்ளும் தலைக்குள்ளும் நீர் முத்து முத்தாகப் படியும், எலெக்ட்ரானிக்ஸும் லென்ஸும் போகும். தயாரிப்பாளர் அனுமதிக்கும் எல்லைக்குள் தண்ணீர் வெப்பத்தைப் பனிநிலைக்கு மேல் ஏற்றி வையுங்கள். அதற்கும் மேல் போக வேண்டியிருந்தால் லேசர் அலமாரியின் ஏசியை ஓடவிட்டு, உள்ளே ஈரம் இறங்கிய பிறகே லேசரைப் போடுங்கள். தேர்வாளர் "இன்று சில்லர் எத்தனை டிகிரி?" என்று கேட்டால் எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். சுவரில் தொங்கும் ஈரமானியைக் காட்டிக் காரணத்தோடு சொல்லுங்கள்.

வெட்டும்போது மின்சாரம் போனால் முதலில் லேசர், கன்ட்ரோல் பிரேக்கர்களை இறக்குங்கள். திரும்பி வரும் முதல் சில நொடிகளில் மின்னழுத்தம் துள்ளும். நிலையானதும் சில்லர், பிறகு கன்ட்ரோல், ஹோமிங் (தலையைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோவது), கடைசியில் லேசர். விட்ட இடத்திலிருந்து தொடரும் முன் தகட்டின் விளிம்பை மறுபடி கண்டுபிடியுங்கள், தகடு அசைந்திருக்கலாம்.

கேட்டால் உடனே பதில் வர வேண்டியவை:

ஃபைபர் கதிர் சுமார் 1.07 மைக்ரான், கண்ணுக்குத் தெரியாது. சிஓ2 லேசருக்கு அணியும் மூக்குக்கண்ணாடி இதற்குப் பாதுகாப்பு இல்லை.
ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது.
பிவிசி பூசிய எதையும் வெட்டுவதில்லை, நச்சு வாயு வரும்.
பித்தளை, செம்பு கதிரைத் திருப்பி அனுப்பும். மூலம் அதைத் தாங்கும் வகையா என்று தெரியாமல் தொடக் கூடாது.
அலுமினியத் தூசியை மற்றத் தூசியோடு சேர்க்கக் கூடாது, தீப்பிடிக்கும்.
சின்னத் துண்டுகளுக்கு மைக்ரோ ஜாயின்ட் (தகட்டோடு பிடித்துவைக்கும் வெட்டாத சிறு இணைப்பு) விடாவிட்டால் அவை நிமிர்ந்து தலையில் இடிக்கும்.

அணைக்கும் வரிசைக்கும் மதிப்பெண் உண்டு. முதலில் லேசர் மூலம், பிறகு கேஸ் வால்வை மூடி லைனில் மிச்ச அழுத்தத்தை வெளியேற்றுவது, தலையை மேலே தூக்கி ஓரமாக நிறுத்துவது, கன்ட்ரோல், சில நிமிடம் கழித்துச் சில்லர், கடைசியில் மெயின். நாசில் துளைக்கு டேப் ஒட்டிவிட்டுத்தான் கையொப்பம் போடப் போங்கள்.