ரோஸ் பவுலுக்கு முன்: மிச்சிகன் – அலபாமா நாட்குறிப்பு

2023 டிசம்பர் 3, ஞாயிறு

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சாம்பியன் பட்டத்துக்கு மோதும் நான்கு அணிகளின் பட்டியல் வந்துவிட்டது. மிச்சிகன் 1, வாஷிங்டன் 2, டெக்சஸ் 3, அலபாமா 4. ஜனவரி 1 அன்று பசடீனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் மிச்சிகனும் அலபாமாவும் மோதுகின்றன. மற்ற இரண்டும் நியூ ஆர்லியன்ஸில். ஜெயிப்பவர்களுக்கு ஜனவரி 8 ஹூஸ்டனில் இறுதி ஆட்டம்.

13 ஆட்டமும் வென்ற ஃப்ளோரிடா ஸ்டேட் வெளியே. நேற்று ஜார்ஜியாவை 27-24 என்று சாய்த்து, அதன் 29 ஆட்டத் தொடர் வெற்றியை முடித்துவைத்த அலபாமாவை விட்டுவிட முடியாது. அலபாமாவை எடுத்தால், செப்டம்பரில் அதன் வீட்டுக்கே போய் 34-24 என்று அடித்த டெக்சஸை விட முடியாது. இடம் நான்குதான். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காயத்தில் உட்கார்ந்ததால் ஃப்ளோரிடா ஸ்டேட் தலையில் கத்தி விழுந்தது. கணக்கு புரிகிறது, ஆனாலும் அநியாயம்தான்.

டிசம்பர் 7, வியாழன்

எல்லோரும் அலபாமா குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோவின் நீளமான பாஸைப் பற்றியே பேசுகிறார்கள். நான் பார்க்கும் எண் வேறு: 43. இதுவரை 13 ஆட்டங்களில் அலபாமா கொடுத்த சேக்குகள், அதாவது பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்பட்ட தடவைகள். ஆட்டத்துக்கு மூன்றுக்கு மேல்!

பழி முழுவதும் அவரைக் காக்கும் முன்வரிசை லைன்மேன்கள் மேல் போடக் கூடாது. பாஸைப் பிடிக்க ஓடும் தூரத்து ரிசீவர் பிரிந்து வரட்டும் என்று மில்ரோ பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்கிறார். அந்தக் காத்திருப்பில்தான் 50 யார்டு டச்டவுனும் (பந்தோடு கோல் கோட்டைக் கடப்பது) பிறக்கிறது, 9 யார்டு நஷ்டமும் பிறக்கிறது. இடது டேக்கிள் (முன்வரிசையின் ஓரத்து ஆள்) கேடின் பிராக்டர் முதலாண்டு மாணவர்; அவ்வளவு நேரம் ஒருவரைத் தாங்கிப் பிடிப்பது அனுபவசாலிக்கே சிரமம்.

இன்னொரு ஓட்டை, ஸ்னாப்: முன்வரிசை நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் அனுப்பி ஆட்டத்தைத் தொடங்குவது. மில்ரோ சென்டருக்கு ஐந்து யார்டு பின்னால் நிற்கிறார். பந்து முழங்காலுக்குக் கீழே வந்தால் கண்ணை டிஃபென்ஸிலிருந்து எடுத்துப் பந்தைத் தேட வேண்டும். ஓட்ட ஆட்டமானால் பந்தை வாங்கி ஓடும் ரன்னிங்பேக்கோடு சேரும் தாளம் அங்கேயே போச்சு. ஆபர்ன் அணிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசியில் கோல் கோட்டுக்கு 7 யார்டில் இருந்தவர்கள், ஒரு தப்பான ஸ்னாப்பாலும், ஆட்டம் தொடங்கும் கோட்டைத் தாண்டி நின்று விதிமீறி எறிந்த ஒரு பாஸாலும் 31 யார்டுக்குப் போனார்கள். கடைசி முயற்சியான நான்காவது டவுனில் ஐசயா பாண்ட் பிடித்து வெற்றி தேடித் தந்த பந்துதான் எல்லோருக்கும் ஞாபகம். அங்கே போய்ச் சேர்ந்த வழி யாருக்கும் ஞாபகமில்லை.

டிசம்பர் 15, வெள்ளி

மிச்சிகனுக்கும் ஓட்டை உண்டு. ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்தில் வலது கார்டு (சென்டருக்கும் டேக்கிளுக்கும் இடையே நிற்பவர்) ஜாக் ஜின்டரின் கால் முறிந்தது. அதன்பின் வலது டேக்கிளாக இருந்த கார்சன் பார்ன்ஹார்ட் உள்ளே நகர்ந்து கார்டு ஆனார். ட்ரென்டே ஜோன்ஸ் டேக்கிளுக்கு வந்தார். ஒருவர் போனால் இரண்டு இடம் மாறுகிறது. மிச்சிகனின் ஓட்ட ஆட்டத்தில் கார்டு தன் இடத்தை விட்டு விலகி மறுபக்கம் ஓடி, ரன்னிங்பேக் பிளேக் கோரமுக்கு வழி திறக்க வேண்டும். அரை அடி தாமதித்தால் கோரம் அவர் முதுகிலேயே மோதுவார்.

அதே வலது ஓரத்துக்கு அலபாமாவின் டல்லஸ் டர்னரோ கிறிஸ் பிராஸ்வெல்லோ வருவார்கள். பென் ஸ்டேட்டுக்கு எதிராக மிச்சிகன் தொடர்ந்து 32 முறை ஓட்ட ஆட்டமே அழைத்து 24-15 என்று வென்றது. அலபாமாவிடம் அந்தப் பிடிவாதம் பலிக்காது என்பது என் எண்ணம். முதல் டவுனிலேயே சின்னச் சின்ன பாஸ் போட்டு டர்னரின் காலைத் தயங்க வைக்க வேண்டும்.

டிசம்பர் 22, வெள்ளி

இந்த இரண்டும் இதுவரை ஐந்து முறை மோதியதில் அலபாமா 3, மிச்சிகன் 2. பயிற்சியாளர் ஜிம் ஹார்பா மிச்சிகனுக்கு வந்தபின் பவுல் (சீசன் முடிவில் நடக்கும் ஆட்டம்) கணக்கு 1 வெற்றி, 6 தோல்வி. போன வருஷம் டிசியு (டெக்சஸ் கிறிஸ்டியன்) அணியிடம் 51-45 தோல்வி, மிச்சிகன் குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி எறிந்த இரண்டு பாஸ்கள் எதிராளி கையில் சிக்கி நேராக டச்டவுன் ஆயின. மெக்கார்த்தி கெட்டிக்காரர். ஆனால் பாஸைத் தடுக்கும் அலபாமா வீரர் டெரியன் ஆர்னால்டு நிற்கும் பக்கம் ஓடிக்கொண்டே எறியக் கூடாது.

டிசம்பர் 28, வியாழன்

மில்ரோவை அடக்குவது எப்படி? வேகமாகப் பாய்வது பதில் இல்லை. மிச்சிகன் டிஃபென்ஸின் ஓரத்து வீரர், மில்ரோ நிற்கும் ஆழத்தைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால், உள்ளே ஒரு சந்து திறக்கும். அதில் புகுந்தால் 20 யார்டு. ஓரத்து இருவரும் அவர் ஆழத்திலேயே நின்றுவிட வேண்டும். நடுவில் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட், கிரிஸ் ஜென்கின்ஸ் கார்டுகளை அப்படியே பின்னுக்குத் தள்ள வேண்டும். அப்போது மில்ரோவுக்கு முன்னால் நகர இடமில்லை. பக்கவாட்டில் போனால் ஓரத்தார் காத்திருப்பார்கள்.

அதற்காக மூன்று பேரை மட்டும் மில்ரோ மேல் அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதும் வம்பு. ஆபர்ன் அந்தக் கடைசி டவுனில் இரண்டே பேரை அனுப்பியது. பலன் தெரிந்ததே. மிச்சிகன் டிஃபென்ஸ் பயிற்சியாளர் ஜெஸ்ஸி மின்டர் நான்கு பேரை அனுப்புவார். யார் அந்த நாலாவது ஆள் என்பதைத்தான் ஒளித்துவைப்பார். ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளி கூடக் கொடுக்காத டிஃபென்ஸ் இது.

டிசம்பர் 31, ஞாயிறு

உள்ளூர் நேரம் பிற்பகல் 2 மணிக்குத் தொடக்கம். நமக்கு ஜனவரி 2 அதிகாலை 3.30. அங்கே ஐந்து மணிக்குள் சூரியன் அடங்கிவிடும். இரண்டாம் கால்பகுதிக்குப் பிறகு பாதி மைதானம் வெயில், பாதி நிழல். உயரே போகும் பன்ட் (எதிரணிக்கு உதைத்து விடும் பந்து) வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் இறங்கும்போதுதான் கையைவிட்டு நழுவும். இப்படி ஒரு ஆட்டத்தில் நழுவிய பன்ட் ஒன்று ஏழு புள்ளிக்குச் சமம். அதுவும் இந்த ஆண்டு முதல், பாதியின் கடைசி இரண்டு நிமிடம் தவிர, ஃபர்ஸ்ட் டவுனுக்கு (10 யார்டு கடந்து புது முயற்சிகள் பெறுவது) கடிகாரம் நிற்பதில்லை. கிடைக்கும் வாய்ப்புகளே குறைவு.

சமனானால்: ஒவ்வொரு அணிக்கும் 25 யார்டு கோட்டிலிருந்து ஒரு முறை. இரண்டாம் சுற்றில் டச்டவுனுக்குப் பின், எக்ஸ்ட்ரா பாயின்ட் உதைக்குப் பதில், இரண்டு புள்ளி முயற்சி (மீண்டும் பந்தோடு கோல் கோட்டைக் கடப்பது) கட்டாயம். மூன்றாவதிலிருந்து வெறும் இரண்டு புள்ளி முயற்சிகள்தான். 2000 ஆரஞ்சு பவுலில் இதே இரண்டு அணிகள் கூடுதல் நேரத்துக்குப் போய், அலபாமா ஒரு எக்ஸ்ட்ரா பாயின்ட் உதையைத் தவறவிட்டு 35-34 என்று தோற்றது.

2024 ஜனவரி 1, திங்கள்

கணிப்பு: மிச்சிகன் 24, அலபாமா 20. அலபாமாவின் முதல் இரண்டு வாய்ப்புகளில் பந்தைப் பார்க்காதீர்கள், சென்டரின் கையைப் பாருங்கள். ஸ்னாப் மில்ரோவின் மார்புக்கு வந்துகொண்டே இருந்தால் என் கணிப்பைக் கிழித்துப் போட்டுவிடலாம்.