செம்பைக் கரைக்கப் போய் பித்தளையைக் கரைத்த கதை

நீலம் நிற்கவே இல்லை. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, கராஜில் போய் உட்கார்ந்து, துப்பாக்கிக் குழலுக்குள் செம்பைக் கரைக்கும் மருந்து நனைத்த துணியை விட்டு எடுப்பேன். மயில்துத்தம் கரைத்த நிறத்தில் வெளியே வரும். இன்னொன்று விடுவேன். அதுவும் நீலம். ஒன்பது நாள் இப்படிப் போனது. எண்பது வருடப் பழைய குழலுக்குள் இவ்வளவு செம்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

துப்பாக்கி ஒரு லீ என்ஃபீல்ட், பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள், நம்பர் 4 மார்க் 1 ஸ்டார் என்கிற ரகம். 1943 என்று வருடம் குத்தியிருக்கிறது. செய்தது இங்கே ஒன்டாரியோவில், லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில். மிசிசாகாவில் என் வீட்டிலிருந்து காரில் போனால் பக்கம்தான். தொழிற்சாலை இப்போது இல்லை. துப்பாக்கிகளைச் சோதித்து அனுப்பிய கட்டடம் மட்டும் லேக்‌ஷோர் சாலையில் நிற்கிறது, அதில் ஓவியக் கண்காட்சி நடத்துகிறார்கள். போர்க்காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். அந்தச் சாலையில் போகும்போதெல்லாம், நம் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருப்பது இங்கிருந்து கிளம்பியதுதானே என்று தோன்றும்.

லைசென்ஸ் எடுத்து, இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருவரிடம் வாங்கினேன். அவருடைய அப்பாவின் துப்பாக்கியாம். “குழல் கண்ணாடி மாதிரி இருக்கும்” என்றார். விளக்கடித்துப் பார்த்தேன், உண்மையிலேயே பளபளத்தது. அந்தப் பளபளப்பில் பாதி இரும்பே இல்லை, அதன்மேல் பூசிக்கொண்டிருந்த செம்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் கோடையில் 100 கஜத்தில் ஐந்து குண்டும் நாலு அங்குலத்துக்குள் விழும். இந்த ரகத்துக்கு அது போதும். அடுத்த வருடம் ஆறு அங்குலமானது, அப்புறம் எட்டு. தோட்டாவைக் குறை சொன்னேன். கண்ணைக் குறை சொன்னேன், படிக்கிற கண்ணாடி போட ஆரம்பித்த வருடம் அது. சுடுதளத்துக்கு வரும் ஒரு பெரியவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், குழலின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டைக் கழற்றச் சொல்லிக் குழல்வாய்ப் பக்கம் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். “நீ துப்பாக்கி வாங்கவில்லை தம்பி, செம்புச் சுரங்கம் வாங்கியிருக்கிறாய்” என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார்.

விஷயம் இதுதான். தோட்டாவின் நுனியில் இருக்கும் குண்டுக்கு மேல் ஒரு சட்டை உண்டு. பெரும்பகுதி செம்பு, கொஞ்சம் துத்தநாகம். அது நொடிக்கு 700 மீட்டருக்கு மேல் வேகத்தில் குழலைத் தேய்த்துக்கொண்டு போகிறது. குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருந்தால் கொஞ்சம்தான் ஒட்டும். சொரசொரப்பாக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்த மாதிரி சுரண்டி வைத்துக்கொள்ளும். அடுத்த குண்டு அதன்மேல் இன்னும் கொஞ்சம் பூசும். திட்டுத்திட்டாக மேடு கட்டியபின் குண்டு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் கிளம்பும். செம்பில் களிம்பு ஏறும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே செம்புதான் களிம்பு.

குழல் ஏன் சொரசொரப்பானது என்பதற்குத் தனிக்கதை இருக்கிறது. அந்தக் காலத்து ராணுவத் தோட்டாவின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது ஒரு வகை உப்பாகக் குழலில் தங்கும். காற்றின் ஈரத்தை இழுக்கும், துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் அது போகாது, உப்பு எண்ணெயில் கரையாதே. அதனால்தான் சிப்பாய்கள் கொதிக்கும் தண்ணீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்றினார்கள். என் துப்பாக்கியை வைத்திருந்தவர்களில் யாரோ ஒருவர் வெந்நீர் போடச் சோம்பல்பட்டிருக்கிறார். அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள் உள்ளே.

அதைப் பார்ப்பதற்கென்றே போனில் மாட்டுகிற சின்ன கேமரா ஒன்று வாங்கினேன். அதனால் முதலில் கிடைத்தது பயம்தான். குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடுகிற ஐந்து சுழல் பள்ளங்கள் இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். எண்ணினால் இரண்டே இரண்டு. மற்ற மூன்றும் தேய்ந்து போய்விட்டன என்று நினைத்து அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் பெரியவருக்கு போன் போட்டால், “போர்க்காலத்தில் சீக்கிரம் செய்ய வேண்டும் என்று இரண்டு பள்ளத்தோடு நிறையக் குழல் செய்தார்கள், போய்த் தூங்கு” என்றார்.

சரி, சுத்தம் செய்யலாம் என்று இறங்கினேன். ஊரிலிருந்து அம்மா போன் செய்தபோது, “என்னடா கையெல்லாம் நீலமா இருக்கு?” என்று வீடியோவில் பார்த்துக் கேட்டார். துப்பாக்கி என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஒரு இரும்புக் குழாயில் செம்புக் கறை என்றேன். “செம்புக் கறைதானே? புளி போட்டுத் தேய்டா, போயிடும்.” புளி போட்டால் செம்பின் மேலிருக்கும் கறுப்பு போய்ச் செம்பு ஜொலிக்கும். எனக்கு அந்தச் செம்பே போக வேண்டும். தவிர, புளி இரும்பில் பட்டால் துரு.

செம்பைக் கரைப்பது அமோனியா. நான் வாங்கியது ஆஸ்திரேலியாவில் செய்கிற ஸ்வீட்ஸ் 7.62 என்கிற அமோனியா மருந்து. மூடியைத் திறந்தாலே கண்ணில் தண்ணீர் வரும். பிப்ரவரி மாதம், வெளியே மைனஸ் எட்டு, கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தேன். “பூனை மூத்திர நாத்தம் அடுக்களை வரைக்கும் வருதுங்க” என்றாள் மனைவி. அவள் அதே அலமாரியில் பிளீச் பாட்டில் வைத்திருந்தாள், அதை முதல் வேலையாக இடம் மாற்றினேன். இரண்டும் கலந்தால் விஷவாயு.

பித்தளைக் கம்பி பிரஷ், பித்தளை ஜாக் இரண்டையும் வைத்துத்தான் ஒன்பது நாள் தேய்த்தேன். ஜாக் என்பது ராடின், அதாவது குழலைத் துடைக்கும் நீளக் கம்பியின், நுனியில் துணியைக் கவ்விப் பிடிக்கிற சின்னக் குமிழ். ஒன்பதாம் நாள் ராத்திரி ஏதோ தோன்றி, அந்த ஜாக்கைக் கழற்றி ஒரு சோடா பாட்டில் மூடியில் போட்டு நாலு சொட்டு மருந்து விட்டேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மூடிக்குள் தெளிந்த நீலம். குழலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும்தானே! பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எத்தனை நாளாக நான் ஜாக்கைக் கரைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. குமிழின் வரிகள் மழுங்கிப் போயிருந்தன.

மறுநாள் நைலான் பிரஷ்ஷும் பிளாஸ்டிக் ஜாக்கும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட ஆகவில்லை. முதல் துணி வெறும் சாம்பல் நிறத்தில் வந்தது. அடடா, முடிந்துவிட்டது என்று கேமராவை விட்டால், குழல்வாய்க்கு நாலு அங்குலம் உள்ளே, பள்ளங்களுக்கு நடுவில் இருக்கும் மேட்டின் மேல் ஆரஞ்சு நிறத்தில் பட்டை பட்டையாகச் செம்பு அப்படியே இருக்கிறது. இப்போது எனக்குத் தலையே சுற்றியது. செம்பு இருக்கிறது, மருந்து இருக்கிறது, நீலம் வரவில்லை.

பெரியவரிடம் கேட்டேன். “மேலே கரி மூடியிருக்கும். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும், உரித்துப் பார்” என்றார். ஒவ்வொரு வெடியிலும் கரியும் படிகிறது, செம்பும் படிகிறது. ஒன்றன்மேல் ஒன்று. அமோனியா கரியைத் தொடாது, கரி நீக்கும் எண்ணெய் செம்பில் பெரிதாக வேலை செய்யாது. ஆகவே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

அதற்கப்புறம் வேலை ஒழுங்காக நடந்தது. ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கழற்றி, துப்பாக்கியின் தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். ராடை எப்போதும் பின்பக்கமிருந்தே விடுவேன். முன்பக்கமிருந்து விட்டால் குழல்வாயின் விளிம்பு தேயும். பழைய லீ என்ஃபீல்டுகளில் இழுகயிறு, அதாவது துணியைக் கட்டிக் குழலுக்குள் இழுக்கிற கயிறு, உரசி அந்த விளிம்பு நீள்வட்டமாகிப் போனவை நிறைய உண்டு, அதைச் சரிசெய்வது பெரிய வேலை. குழலின் பள்ளங்கள் சுழன்று இடப்பக்கம் போகின்றன, பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. துணி இறுக்கமாக இருந்தால் ராடின் கைப்பிடிக்கு முன்னால் தண்டு தானே இடப்பக்கம் சுழன்று போவதைப் பார்க்கலாம், குழல் முழுக்கப் போவதற்குள் இரண்டரைச் சுற்று. எனக்கு இதில் ஒரு தனி சுகம்.

முதலில் கரி நீக்குகிற ஹாப்பிஸ் நம்பர் 9 போட்டு, துணி கறுப்பிலிருந்து சாம்பலாகும் வரை. நன்றாகத் துடைத்துக் காயவிட்டு அமோனியா மருந்து, கடிகாரம் பார்த்து 15 நிமிடம், அதற்கு மேல் விடக்கூடாது என்று பாட்டிலிலேயே எச்சரிக்கை இருக்கிறது. துடைத்தால் நீலம், இந்த முறை நிஜமான நீலம். மறுபடி ஹாப்பிஸ், மறுபடி கறுப்பு! சுத்தமாகிவிட்டது என்று நினைத்த குழலிலிருந்து கரி கொட்டியது. மூன்றாம் நாள் நுரை மருந்து ஒன்றை அடித்துவிட்டுப் படுத்துவிட்டேன், அது அமோனியா இல்லாதது, ராத்திரி முழுக்க விடலாம். காலையில் கீழே விரித்திருந்த செய்தித்தாளில் நீலக் கூழ் வழிந்து கிடந்தது.

ஒரு நஷ்டமும் ஆனது. மருந்து சொட்டியதை நான் கவனிக்கவில்லை. கட்டையில், கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே, ஆளி விதை எண்ணெய்ப் பூச்சு கட்டைவிரல் அகலத்துக்கு வெளிறிப் போய்விட்டது. எண்பது வருடம் எத்தனையோ கை பட்டுக் கறுத்திருந்த இடம். எண்ணெய் தேய்த்துப் பார்த்தேன், பழைய நிறம் வரவில்லை. அதற்கப்புறம்தான் கட்டைக்குத் துணி சுற்றி வைக்கப் பழகினேன்.

ஐந்தாம் நாள் துணி கிட்டத்தட்ட வெள்ளையாக வந்தது. கேமராவில் மேடுகளெல்லாம் வெறும் எஃகு. தோட்டா அறைக்கு அடுத்த குழிகளுக்குள் மட்டும் ஊசிமுனை அளவு ஆரஞ்சுப் புள்ளிகள் மிச்சம். எனக்குக் கை துறுதுறுத்தது. அரைக்கிற பேஸ்ட் ஒன்று விற்கிறார்கள், அதைப் போட்டு இழுத்தால் போய்விடும். பெரியவர் வேண்டாம் என்றார். குழிக்குள் இருக்கிற செம்பு குழியை அடைத்துக்கொண்டு நல்லதுதான் செய்கிறது, அதைத் தோண்டி எடுத்தால் அடுத்த குண்டு மறுபடி அதை நிரப்பப் போகிறது, எதற்கு வீணாக என்பது அவர் கட்சி. சரி என்று விட்டேன். துடைத்து, காயவைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி வைத்தேன்.

ஏப்ரலில் சுடுதளம். போகும் முன் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். அதே செர்பியத் தோட்டா. முதல் ஐந்து குண்டு ஒன்பது அங்குலத்துக்குச் சிதறியது. சுத்தம் செய்யும் முன்பு இருந்ததைவிட மோசம்! மேஜையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜையிலிருந்து பெரியவர், “இன்னும் சுடு” என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். பத்தாவது குண்டுக்கு ஐந்து அங்குலம். பதினைந்தாவதில் மூன்றரை. அதற்கு மேல் அங்கேயே நின்றது.

குழிகள் தங்களுக்கு வேண்டிய செம்பை எடுத்துக்கொண்டுவிட்டன போலிருக்கிறது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கரி மட்டும் போகிற அளவுக்கு ஹாப்பிஸ் துணி நாலு விட்டேன். அமோனியா பாட்டிலை எடுக்கவில்லை. இப்போது ஒரு நோட்டில் எத்தனை குண்டு சுட்டேன் என்று குறித்து வருகிறேன். சிதறல் ஐந்து அங்குலத்தைத் தாண்டினால்தான் அந்தப் பாட்டில். நேற்றுவரை 140. இன்னும் தாண்டவில்லை.

மழுங்கிப் போன பித்தளை ஜாக் சாவிக்கொத்தில் தொங்குகிறது.