நோட்டட்

“அக்கா, இது ஓகேவா?”

ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு ஷிப்ட் ஏறி, ஒன்பதரைக்குப் பசியாறப் போவதற்குள் இந்தக் கேள்வி ஏழு தடவை வந்துவிட்டது. கேட்டது ஒரே ஆள். சுங்கைப் பட்டாணியில் கம்பெனி பஸ் ஏறி, பினாங்குப் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸில் எங்கள் சிப் தொழிற்சாலைக்கு வருகிற தம்பி. கை சுத்தம், கண் கூர்மை. சிப்புகளைச் சுற்றி வைக்கிற ரீலில் ஒட்டுகிற லேபிளை இரண்டு முறை படிப்பான், ஸ்கேன் பண்ணுவான், பிறகு அதைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வருவான்.

எங்கள் புரொடக்‌ஷன் வாசலில் மணிக்கட்டுப் பட்டையைச் சோதிக்க ஒரு சின்னப் பெட்டி உண்டு. நம் உடம்பில் தங்கும் நிலைமின்சாரம் சிப்பைக் கொன்றுவிடும். நமக்குச் சுருக்கென்றுகூட இருக்காது, சிப் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் பட்டையைக் கட்டி, வயரைச் செருகி, தகட்டில் விரலை வைத்து அழுத்த வேண்டும். பச்சை எரிந்தால் உள்ளே, சிவப்பு எரிந்தால் வெளியே. எல்லோரும் ஒரு தடவை அழுத்திவிட்டுப் போவோம். தம்பி பச்சை எரிந்த பிறகும் இன்னொரு தடவை அழுத்துவான். பின்னால் நிற்கும் மலாய்க்கார அக்காக்கள் “செப்பாட் லா, டிக்”, சீக்கிரம் தம்பி, என்று முணுமுணுப்பார்கள். எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

என் சட்டம் எளிமையானது. அவன் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டேன். “தப்பா இருந்தா நானே சொல்லுவேன். ஒண்ணும் சொல்லலேன்னா சரின்னு வெச்சுக்க.” இருபது வருஷமாக நான் வேலை பார்த்த விதமும் அதுதான். அது அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். வெட்டின பாலை வாளியில் கொண்டுபோய்க் கொட்டினால் நிறுப்பார்கள். பிறகு மெட்ரோலாக் என்கிற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். கிராணி கணக்கை எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அவ்வளவுதான். யாரும் யாரையும் பாராட்டிக்கொண்டு நிற்கவில்லை. வேலை நடந்தது.

போன நவம்பரில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். நவம்பர் என்றாலே பயிற்சிக் காலம். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ளூர் ஆட்களை வைத்திருக்கிற கம்பெனிகள் சம்பளத்தில் 1 சதவீதத்தை மனிதவள லெவியாகக் கட்ட வேண்டும். கட்டின பணத்தை வருஷம் முடிவதற்குள் ஏதாவது பயிற்சியில் போடலாம் என்று யாருக்காவது ஞானம் பிறக்கும். இந்தத் தடவை பிறந்தது டிஸ்க் என்கிற குணச் சோதனை. நான்கு எழுத்து, நான்கு நிறம். தாளில் உள்ள கேள்விகளுக்கு டிக் அடித்தால் நீங்கள் எந்த நிறம் என்று வந்துவிடும்.

இதன் மூலக் கருத்து வில்லியம் மார்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1928-இல் எழுதியது. சோதனைத் தாளை அவர் செய்யவில்லை, பிறகு வந்தவர்கள் செய்தார்கள். இரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆராய்ந்ததும் அவர்தான், 1941-இல் வெளிவந்த வொண்டர் வுமன் என்கிற காமிக்ஸ் பாத்திரத்தை உருவாக்கியதும் அவர்தான். கயிற்றால் கட்டினால் எவனும் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று அந்தக் கதையில் வரும். எங்கள் எச்ஆருக்கு அந்தக் கயிறு கிடைத்திருந்தால் லெவி மிச்சமாகியிருக்கும்.

எனக்குச் சிவப்பு வந்தது. முடிவெடுக்கிறவர், நேராகப் பேசுகிறவர். தம்பிக்குப் பச்சை. பொறுமைசாலி, நிதானமானவர், சுற்றி இருப்பவர்கள் அவ்வப்போது ‘சரியாகத்தான் செய்கிறாய்’ என்று சொல்ல வேண்டும். அறையே திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தது. நான் சிவப்பு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு ஒருநாள் இதைப் பற்றிப் படித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. பெர்ட்ரம் ஃபோரர் என்பவர் 1948-இல் தன் மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, ஆளுக்கொரு குணவிளக்கம் கொடுத்திருக்கிறார். எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னால், சராசரி ஐந்துக்கு 4-ஐத் தாண்டியது. உண்மையில் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள், ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். அதில் முதல் வரியே, மற்றவர்கள் உங்களை விரும்ப வேண்டும், மதிக்க வேண்டும் என்ற தேவை உங்களுக்கு அதிகம் என்பதுதான். அத்தனை பேரும் ‘ஆமாம், நான்தான்’ என்றிருக்கிறார்கள். நான் படித்தது தாமதம். அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தேன்.

பயிற்சி முடிந்த மறுநாளே தம்பி லேபிளோடு வந்து நின்றான். லைனில் எல்லோரும் இருந்தார்கள். “என்னப்பா, பச்சைக்கு ஓகேவா வியாதி வந்திருச்சா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்றைக்கு அவன் திரும்ப வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்று வாரம் என் மேசை அமைதியாக இருந்தது. பயிற்சிக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது வாரம், அனுப்புவதற்குக் கட்டி வைத்த ஆறு ரீல்கள், அனுப்பாமல் நிறுத்தி வைக்கிற ஹோல்ட் ரேக்குக்குப் போயின. சிப்பில் நான்கு இலக்கத்தில் தேதிக் குறியீடு இருக்கும், முதல் இரண்டு வருஷம், அடுத்த இரண்டு வாரம். இரண்டு வெவ்வேறு வாரத்துச் சரக்கை ஒரே ரீலில் சேர்க்கக்கூடாது என்று அந்த வாடிக்கையாளரின் ஸ்பெக்கில், அதாவது அவர்கள் கொடுத்த விதித் தாளில், இருந்தது. மற்ற வாடிக்கையாளர்களுக்குச் சேர்ப்போம். தம்பி சேர்த்துவிட்டான். நல்லவேளை, வாசல் தாண்டவில்லை. ஓவர்டைம் போட்டுப் பிரித்தோம்.

இப்படி ஏதாவது நடந்தால் ஐந்து ‘ஏன்’ எழுத வேண்டும். டொயோட்டாவில் வளர்ந்த முறை. ஏன் கலந்தது? ஸ்பெக்கைச் சரிபார்க்கவில்லை. ஏன் சரிபார்க்கவில்லை? வழக்கமான விதி என்று நினைத்தார். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “சந்தேகம் வந்துச்சு அக்கா. கேக்கலாமான்னு நெனச்சேன்.” மேலே அவன் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது ஏனுக்கு என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் எழுதியது ‘ஆப்பரேட்டருக்குப் போதிய பயிற்சி இல்லை’. கையெழுத்துப் போட்டு பாஸுக்கு அனுப்பினேன்.

பாஸ் சிங்கப்பூரில் இருக்கிறார். வழக்கமாக ‘நோட்டட் வித் தேங்ஸ்’ என்று பதில் வரும். அன்றைக்கு வந்தது ‘நோட்டட்.’ தேங்ஸ் இல்லை, முற்றுப்புள்ளி மட்டும் இருந்தது.

அந்த முற்றுப்புள்ளியோடு பாலத்தில் முக்கால் மணி நேரம் நெரிசலில் நின்றேன். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கணவரிடம் போனைக் காட்டினேன். “நோட்டட்னா நோட்டட்தானே, இதுல என்ன?” என்றார். மறுநாள் பக்கத்துத் துறைத் தோழியிடம், பாஸ் இந்த வாரம் எப்படி இருக்கிறார் என்று நாசூக்காக விசாரித்தேன். அதுவும் போதாமல், ‘சார், அட்டாச்மென்ட் ஓப்பன் ஆகுதா?’ என்று இன்னொரு மெயில் போட்டேன். ஆகும் என்று எனக்குத் தெரியும், அனுப்புவதற்கு முன்பு நானே திறந்து பார்த்திருந்தேன். சிவப்புக்காரியின் ‘ஓகேவா’ அப்படித்தான் இருக்கிறது, கொஞ்சம் உடுப்பு மாட்டிக்கொண்டு.

அந்த வாரம்தான் தம்பியைக் கூட்டிக்கொண்டு வெளியே மாமாக் டீக்கடைக்குப் போனேன். தே தாரிக் ஆறும்வரை பாலம், பஸ் என்று பேசிக்கொண்டிருந்தோம். கலாய்த்தது தப்பு என்று சொன்னேன். “பரவால்ல அக்கா” என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே, “முந்தி வேலை செஞ்ச எடத்துல ஒரு தப்பு பண்ணேன். அன்னிக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. மூணு மாசம் கழிச்சு கூப்பிட்டு வார்னிங் லெட்டர் குடுத்தாங்க” என்றான்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. வண்டியை எடுக்கும்போதுதான் உறைத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரி என்று அர்த்தம். அவனுக்கு, கடிதம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அவன் பச்சையாகப் பிறந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மௌனம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் வேறு.

அதற்காகக் கேட்கும்போதெல்லாம் ஓகே, ஓகே என்று சொன்னாலும் தீராது. ஜேம்ஸ் கோய்ன் என்பவர் 1976-இல் மனச்சோர்வில் இருப்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆறுதல் கேட்பார்கள், கிடைக்கும், அது ஒப்புக்குச் சொன்னதோ என்று சந்தேகம் வரும், மறுபடி கேட்பார்கள், சொல்கிறவர் களைத்துப்போவார். தம்பிக்கு மனச்சோர்வு என்று சொல்லவரவில்லை, ஆனால் களைப்பு எனக்குப் பழக்கமானதுதான். இப்போது நான் திருப்பிக் கேட்கிறேன், “எந்த எடத்துல சந்தேகம்?” விரலை வைத்து ஓர் எண்ணைக் காட்டினால் அது வேலையைப் பற்றிய சந்தேகம், உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம். முழித்தால் அது வேறு. “போன வாரம் நீ போட்ட நாப்பது ரீல்ல ஒண்ணுகூடத் திரும்பி வரல” என்று கணக்கைச் சொல்லி அனுப்புவேன். சில நாள் வேலைப் பளுவில் வெறும் ‘ம்’ என்றுவிடுகிறேன். அன்றைக்கு அவன் இரண்டு தடவை கூடுதலாக வருகிறான்.

இதையெல்லாம் அப்பாவிடம் போனில் சொன்னேன். பாதி கேட்டுவிட்டு, “எங்க கிராணி ஒருக்கா மெட்ரோலாக்க உட்டுப் பாத்துட்டு, ஒன் பாலு எப்பவும் சுத்தமா இருக்கும்யான்னு சொன்னாரு” என்று ஆரம்பித்தார். இந்தக் கதையைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். முதல் தடவையாக, எந்த வருஷம் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார். எந்த மரவரிசை என்பதையும் சேர்த்து.

வருஷாந்திர மதிப்பீட்டுப் படிவம் வந்திருக்கிறது. தம்பியின் பெயருக்கு நேரே ‘தன்னம்பிக்கை, 1 முதல் 5 வரை’ என்று ஒரு கட்டம். முதலில் 2 போட்டேன். அழித்துவிட்டு 4 போட்டேன், அதையும் அழித்தேன். வெள்ளிக்கிழமைக்குள் பாஸுக்கு அனுப்ப வேண்டும்.