1.73 காட்டிய கல்: அம்மோலைட்டைப் படித்த அனுபவம்

ரத்தினக்கல் ஆய்வுப் பட்டயப் படிப்பின் செய்முறைத் தேர்வில் முதல் முறை நான் தேர்ச்சி பெறாமல் போனதற்கு, சுண்டுவிரல் நகத்தளவே இருந்த ஒரு கல்லும் காரணம். விளக்கொளியில் அது சிவப்பாக மின்னியது. சற்றே சாய்த்தால் அந்தச் சிவப்பு ஆரஞ்சாகி, பிறகு பச்சையாக மாறியது. ஒளி கல்லுக்குள் எவ்வளவு வளைகிறது என்பதை எண்ணாகக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தபோது நிழல்கோடு 1.73க்கு அருகில் பளிச்சென்று விழுந்தது. கல்லைச் சுழற்றியும் அது நகரவில்லை. ஒளிவிலகல் எண் 1.728 என்றால் ஆய்வகத்தில் உருவாக்கப்படும் செயற்கை ஸ்பைனல் கல் என்று அட்டவணையை மனப்பாடம் செய்திருந்த நான், "பின்புறம் வண்ணப்பூச்சு இடப்பட்ட செயற்கை ஸ்பைனல்" என்று எழுதிவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டேன்.

அது அம்மோலைட். மேலே செயற்கை ஸ்பைனல் மூடி, நடுவில் மெல்லிய அம்மோலைட், அடியில் கருநிறக் களிப்பாறை என மூன்றையும் ஒட்டிச் செய்த டிரிப்லெட். கருவி சரியாகத்தான் அளந்தது. ஆனால் அது தொட்டது மூடியை மட்டுமே. கல்லைப் பக்கவாட்டில் திருப்பி லென்ஸின் வழியாக ஒரு முறை பார்த்திருந்தால், ஒட்டிய இடத்தின் கோடும், பசையில் சிக்கிய காற்றுக் குமிழிகளும் கண்ணில் பட்டிருக்கும்.

அதன்பின் இந்தக் கல்லை எண்களிலிருந்து தொடங்காமல், அது உருவான விதத்திலிருந்து தொடங்கிப் படித்தேன். உங்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் நடுவே பரந்து கிடந்த உள்நாட்டுக் கடலில் வாழ்ந்து அழிந்துபோன, சுருள் ஓடுள்ள உயிரினங்களான அம்மோனைட்டுகளின் ஓடுதான் அம்மோலைட். சுருள் வடிவத்தைப் பார்த்து, இன்றும் கடலில் வாழும் சுருள் ஓட்டு உயிரியான நாட்டிலஸின் நேரடி உறவு என்று எழுதிவிடாதீர்கள். அம்மோனைட்டுகள் கணவாய் மீனுக்கே நெருங்கியவை. ரத்தினத் தரமான அம்மோலைட் பெரும்பாலும் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தின் தெற்கே, லெத்பிரிட்ஜ் நகரைச் சுற்றியுள்ள பேர்பா என்னும் பாறைப் படிவத்தில், பிளாசென்டிசெராஸ் என்னும் பேரினத்தின் ஓடுகளிலிருந்து கிடைக்கிறது. 1981இல் உலக நகை வணிகக் கூட்டமைப்பு அதை ரத்தினமாக ஏற்றது. 2004இல் அது ஆல்பர்ட்டாவின் அதிகாரபூர்வ ரத்தினமானது.

சாளக்கிராமத்தைப் பூசிக்கும் வீடுகளில் பிறந்தவர்களுக்கு அம்மோனைட்டின் சுருள் புதிதன்று. அரியலூர்ப் பாறைகளிலும் அம்மோனைட்டுகள் உண்டு. பின் ஏன் எல்லாவற்றிலும் இந்த நிறம் இல்லை? முத்துக்கு ஒளி தரும் அதே அரகோனைட் என்னும் கால்சியம் கார்பனேட்தான் இந்த ஓட்டிலும் இருக்கிறது; பெரும்பாலான இடங்களில் அது காலப்போக்கில் கால்சைட்டாக மாறியோ, வேறு கனிமத்துக்கு இடம் கொடுத்தோ மறைந்துவிடுகிறது. பேர்பாவில் எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான களிமண் சூழ்ந்து காத்ததால் அடுக்குகள் கலையாமல் தங்கின. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகளின் குறுக்கீட்டு விளைவே நிறம். அடுக்கு தடித்திருந்தால் சிவப்பும் பச்சையும், மெலிந்திருந்தால் நீலமும் ஊதாவும் தோன்றும். மெல்லிய அடுக்குகள் எளிதில் அழிந்துவிடுவதால் நீலமும் ஊதாவும் அரியவை. இந்த ஒரு காரணச் சங்கிலி புரிந்துவிட்டால் எழுத்துத் தேர்வின் பாதிக் கேள்விகளுக்கு விடை தானே வந்துவிடும்.

டிரிப்லெட் ஏன் செய்கிறார்கள் என்பதும் இதிலிருந்தே விளங்கும். நிறமுள்ள ஏடு பொதுவாக 0.5 முதல் 0.8 மில்லிமீட்டர் தடிமன்தான். மெருகேற்றியபின் இன்னும் குறையும். கடினத்தன்மையோ, வைரத்துக்கு 10 தரும் மோஸ் அளவில், ஏறத்தாழ 4. மூடியின்றி மோதிரத்தில் பதித்தால் நாள்பட்ட தூசியே கீறிவிடும். அமிலத் துளி விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கலாம் என்று சில குறிப்பேடுகளில் இருக்கும். பிறர் கல்லில் அந்தச் சோதனையைச் செய்ய நினைப்பதே தவறு.

செய்முறையில் பெரும்பாலோர் குழம்புவது ஓப்பலுடன். ஓப்பலில் சிலிக்கா நுண்கோளங்களால் உண்டாகும் நிறத் திட்டுகள் கல்லுக்குள் ஆழத்தில் சிதறிக் கிடப்பதுபோல் தெரியும். அம்மோலைட்டின் நிறம் ஒரே தளத்தில் தகடுபோல் படர்ந்திருக்கும். பல கற்களில், அழுத்தத்தில் நொறுங்கிய ஓடு மீண்டும் ஒட்டியதுபோல, கோணல்மாணலான விரிசல்கள் அந்தத் தகட்டைச் சில்லு சில்லாகப் பிரித்துக் காட்டும். வணிகர்கள் இதை "டிராகன் தோல்" என்கிறார்கள். பெயர் சற்று மிகைதான், ஆனால் ஒரு முறை பார்த்தால் மறக்காது. இதேபோல் நிறம் மின்னும் இன்னொரு கல்லான லாப்ரடோரைட்டை அதன் 1.56ஐ ஒட்டிய ஒளிவிலகல் எண்ணாலும், குறிப்பிட்ட சாய்வில் மட்டும் பளிச்சிட்டுச் சட்டென அணையும் ஒளியாலும் பிரித்துவிடலாம்.

இரண்டாம் முறை எழுதியபோது தட்டில் அம்மோலைட்டே வரவில்லை. இரண்டு அடுக்குகளை ஒட்டிச் செய்த ஓப்பல் டப்லெட் ஒன்று வந்தது. ரிஃப்ராக்டோமீட்டரின் பக்கம் கை போகுமுன், அதை இடுக்கியில் செங்குத்தாகப் பிடித்து விளிம்பைப் பார்த்தேன். பசைக்கோடு முடியளவில் தெரிந்தது.