கப்பல்ல போனா பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் அடிப்பாங்களா? பினாங்கு போய்ட்டு வந்த அனுபவம்

அம்மாவ கூட்டிக்கிட்டு சிங்கப்பூர்ல இருந்து மலேசியாவுல இருக்கிற பினாங்குக்கு 3 ராத்திரி குரூஸ் போய்ட்டு வந்தேன். சொந்த ஊரு கடலூர் முதுநகர், நான் இப்ப இருக்கிறது பாண்டி லாஸ்பேட்டைல. கப்பல் எப்படி இருந்துச்சு சாப்பாடு எப்படின்னு எழுத நிறைய பேர் இருக்காங்க, நான் எழுத வந்தது ஸ்டாம்ப் விஷயம் மட்டும்தான், ஏன்னா இத முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நான் அவ்ளோ அலைஞ்சிருக்க மாட்டேன்.

மொதல்ல ஏன் ஸ்டாம்ப்னு சொல்லிடறேன். எங்க தாத்தா, அம்மாவோட அப்பா, 1950கள்ல பினாங்குல ஒரு மளிகை கடைல கணக்கு எழுதினவரு. கடலூர்ல ரயில் ஏறி நாகப்பட்டினம் போய் அங்கேர்ந்து ரஜுலா கப்பல்ல டெக்குல படுத்துக்கிட்டே போவாராம். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இப்ப போர்ட் கிளாங்), சிங்கப்பூர்னு போன கப்பல் அது, 1973 வரைக்கும் ஓடுச்சு. அவரோட பழைய பாஸ்போர்ட் எங்க வீட்டு டிரங்க் பெட்டில இருக்கு, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருக்கும், ஆனா பினாங்கு சீல் மட்டும் ஊதா மையில இன்னைக்கும் படிக்கிற மாதிரி இருக்கும். அம்மா 64 வயசுல இப்பதான் மொத பாஸ்போர்ட் எடுத்தாங்க. எனக்கு ஊர் சுத்திக் காட்டலன்னா கூட பரவால்லமா, அப்பா இறங்கின துறைமுகத்து சீல் என் புக்குல ஒண்ணு விழுந்தா போதும்னு சொல்லிட்டாங்க. அதனாலதான் பிளைட்ல பினாங்கு போகாம கப்பல்னு முடிவு பண்ணோம்.

புக் பண்ண ஏஜென்ட்கிட்ட நான் தெளிவா கேட்டேன், ஸ்டாம்ப் கிடைக்குமான்னு. சிங்கப்பூர் ரெண்டு தடவ, மலேசியா ரெண்டு தடவன்னு அடிச்சு சொன்னாரு. நடந்தது வேற.

சென்னை ஏர்போர்ட்ல வெளிய போற ஸ்டாம்ப் அடிச்சாங்க, அது எப்பவும் போல. சிங்கப்பூர்ல இறங்கினா ஸ்டாம்பே கிடையாது. வெளிய போகும்போது குத்துறத 2019லயே நிறுத்திட்டாங்க, இப்ப உள்ள வரும்போதும் குத்துறதில்ல, இ-பாஸ்னு ஒண்ணு மெயில்ல வருது, எத்தன நாள் இருக்கலாம்னு அதுலதான் இருக்கும். அம்மாவுக்கு மெயில் கிடையாது, நான் அரைவல் கார்டு (நாட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி ஆன்லைன்ல நிரப்புற ஃபாரம்) போடும்போதே ரெண்டு பேருக்கும் என் மெயிலையே குடுத்ததால ரெண்டும் எனக்கு வந்துச்சு. அத டவுன்லோட் பண்ணி வைங்க, உங்ககிட்ட இருக்கிற சாட்சி அது ஒண்ணுதான்.

கப்பல் ஏறும்போது இமிக்ரேஷன் முடிஞ்சதும் எங்க பாஸ்போர்ட்ட கப்பல்காரங்களே வாங்கி வெச்சுக்கிட்டாங்க. கைல குடுத்தது ரூம் கார்டும் ஒரு ரசீதும். அம்மா மொகம் அங்கயே வாடிப்போச்சு. கவுன்டர்ல விசாரிச்சப்பதான் புரிஞ்சுது, குரூஸ்ல நாம தனித்தனி பயணி மாதிரி துறைமுகத்துக்குப் போறதில்ல, கப்பல்ல இருக்கிற மொத்த பேரோட லிஸ்ட்டும் முன்னாடியே அந்த ஊர் இமிக்ரேஷனுக்குப் போய்டுது, அவங்க லிஸ்ட்ட பாத்து மொத்தமா கிளியர் பண்ணிடறாங்க, நாம கார்ட காட்டிட்டு இறங்கி ஊர் சுத்திட்டு ஏறிடலாம். ஒரே நேரத்துல ஆயிரக்கணக்குல ஜனங்க இறங்குற எடத்துல ஒவ்வொரு புக்கா தொறந்து சீல் குத்திக்கிட்டு இருந்தா கப்பல் கெளம்புற நேரம் வந்துடும். இது எல்லா கப்பல்லயும் ஒரே மாதிரி இல்ல, சில கப்பல்ல பாஸ்போர்ட் நம்ம கைலயே இருக்கும், அதனால ஏறினதுமே கேட்டுடுங்க.

நான் அன்னைக்கு ராத்திரியே போய் கேட்டேன், நாளைக்கு பினாங்குல இறங்கும்போது பாஸ்போர்ட் கைல வேணும்னு. எழுதிக் குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன், மறுநாள் காலைல கையெழுத்து வாங்கிக்கிட்டு ரெண்டையும் குடுத்தாங்க. கேக்கலன்னா குடுத்திருக்க மாட்டாங்க.

மறுநாள் மதியம் பினாங்கோட ஜார்ஜ் டவுன்ல, சுவெட்டன்ஹாம் பியர்ங்கிற கப்பல் துறைல கப்பல் நின்னுச்சு. மலேசியாவுக்கு நமக்கு 2023 டிசம்பர்ல இருந்து 30 நாளுக்கு விசா வேணாம், ஆன்லைன் அரைவல் கார்டு மட்டும் நான் ஊர்லயே போட்டுட்டேன், அதுக்கு காசு கிடையாது. கூட்டம் நேரா வாசலுக்குப் போச்சு, நாங்க ஓரமா இருந்த கவுன்டருக்குப் போனோம். அங்க இருந்த ஆபீசர் தமிழர். குரூஸ்ல வர்றவங்களுக்கு ஸ்டாம்ப் தேவையில்ல, நீங்க போலாம்னாரு. அம்மா ஒண்ணும் பேசல, என் போன வாங்கி தாத்தா பாஸ்போர்ட்டோட அந்த பக்கத்த பெருசாக்கி கண்ணாடிகிட்ட காட்டினாங்க. அவரு கொஞ்ச நேரம் பாத்தாரு. அம்மா, இந்தியாவுல எந்த ஊருன்னு கேட்டாரு. கடலூருங்கன்னாங்க. இத எங்க அப்பாவும் வெச்சிருந்தாரும்மான்னு சொல்லிட்டு ரெண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கி, அம்மாவோடதுல ஒரு புது பக்கமா பாத்து குத்திக் குடுத்தாரு.

மை கலைஞ்சிடக்கூடாதுன்னு அம்மா அந்தப் பக்கத்த மூடவே இல்ல, குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் போற வரைக்கும் விரிச்சு கைல பிடிச்சுக்கிட்டேதான் நடந்தாங்க. 1833ல கட்டின கோயில் அது, தாத்தா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன கோயில்.

இப்ப ரொம்ப முக்கியமான ஒண்ணு. குடுக்கும்போதே அந்த ஆபீசர் சொன்னாரு, உள்ள வந்த ஸ்டாம்ப் வாங்கிட்டீங்க, திரும்பி கப்பல் ஏறும்போது வெளிய போற ஸ்டாம்பும் கேட்டு வாங்கிட்டுத்தான் ஏறணும்னு. ஏன்னா உள்ள வந்தது இருந்து வெளிய போனது இல்லன்னா, பாஸ்போர்ட்ட பாக்குறவங்களுக்கு நாம மலேசியாவுலயே தங்கிட்ட மாதிரி தெரியும், அடுத்த தடவ போகும்போது கேள்வி வரும். ராத்திரி நாங்க திரும்பினப்ப ஒரே தள்ளுமுள்ளு, கப்பல் ஆளுங்க கார்ட காட்டிட்டு சீக்கிரம் போங்க போங்கன்னு அனுப்பிக்கிட்டு இருந்தாங்க, கவுன்டர்ல வேற ஆளு. நான் லைன விட்டு வெளிய வந்து உள்ள வந்த ஸ்டாம்ப காட்டி கேட்டப்பறம்தான் குத்தினாரு. 10 நிமிஷம் ஆயிருக்கும், ஆனா அத விட்டுட்டு ஏறியிருந்தா எனக்கு தூக்கமே வந்திருக்காது.

ஏஜென்ட் சொல்லாம விட்டது இன்னொண்ணும் இருக்கு. கப்பல்ல போய்ட்டு திரும்பி சிங்கப்பூர் வர்றது அவங்க கணக்குல புதுசா உள்ள வர்றது. அதனால விசா பல தடவ போய் வர்ற விசாவா இருக்கணும், அரைவல் கார்டும் ரெண்டாவது தடவ போடணும், வர்ற நாளையும் சேத்து 3 நாளுக்குள்ள. மொத தடவ பிளைட்னு போட்டிருப்போம், இப்ப கடல் வழின்னு மாத்தி கப்பல் பேரு குடுக்கணும். பக்கத்து கேபின்ல இருந்த திருச்சி குடும்பம் பேச்சுவாக்குல சொல்லித்தான் எனக்கே தெரியும், பினாங்குல ஒரு காபி கடை வைஃபைல உக்காந்து போட்டேன். கடல்ல போனப்பறம்னா கப்பல் இன்டர்நெட்டுக்கு தனியா காசு கட்டணும். கூகுள்ல தேடும்போது பணம் கேக்குற சைட்டெல்லாம் வரும், அதுல போட்டுடாதீங்க, சிங்கப்பூர் அரசாங்க சைட்ல இலவசம்தான்.

பினாங்குல ஒரு கடை வாசல்ல படம் போட்ட அழகான ஞாபகார்த்த சீல் வெச்சிருந்தாங்க, அம்மாவுக்கு அதையும் பாஸ்போர்ட்ல குத்திக்க ஆசை. நான் விடல. அதிகாரிங்க குத்துறத தவிர வேற எதுவும் பாஸ்போர்ட்ல விழக்கூடாது, அப்பறம் எந்த ஊர் இமிக்ரேஷன்லயாவது நிறுத்தி வெச்சா நாமதான் கஷ்டப்படணும். ஒரு சின்ன நோட்டு வாங்கி அதுல குத்திக் குடுத்தேன்.

என்னோட பாஸ்போர்ட்ல சிங்கப்பூர் போனதுக்கு ஒரு சீலும் இல்லாததால, அடுத்து வேற நாட்டு விசாவுக்கு போன பயணமெல்லாம் எழுதச் சொல்லும்போது தேவைப்படும்னு ரெண்டு இ-பாஸ், போர்டிங் பாஸ், கப்பல் கடைசி நாள் குடுத்த பில் எல்லாத்தையும் ஒரு பைல்ல போட்டு வெச்சிருக்கேன். சென்னைல இறங்கி உள்ள வந்த ஸ்டாம்ப் தேதியோட சரியா விழுந்திருக்கான்னு கவுன்டர விட்டு நகர்றதுக்கு முன்னாடியே பாத்துக்கிட்டேன். அம்மா பாஸ்போர்ட் இப்ப தாத்தாவோடது இருக்கிற அதே டிரங்க் பெட்டில இருக்கு, பூச்சிக்கு பயந்து வேப்பிலை காய வெச்சு போட்டிருக்காங்க.