இரவில் பிறந்த வருடம்

2024 இல் சித்திரை வருடப்பிறப்பு ஏப்ரல் 13ஆம் திகதி இரவில் வந்தது. நம் பஞ்சாங்கங்கள் இரண்டு கணக்கு முறையில் வரும்: வாக்கிய பஞ்சாங்கத்தில் எட்டு மணி தாண்டிய ஒரு நேரம் போட்டிருந்தது, திருக்கணிதத்தில் வேறொரு நேரம். கலண்டரைப் பார்த்த மகள், "ஏனம்மா, ஜனவரி மாதிரி பன்னிரண்டு மணிக்குப் பிறந்தால் என்ன?" என்று கேட்டாள். இத்தனை வருடமாக வருடப்பிறப்புக்கு மூலிகை போட்டுக் காய்ச்சிய மருத்துநீர் வைத்து முழுகி வந்த எனக்கு அதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சூரியன் மீன ராசியை விட்டு மேட ராசிக்குள் நுழைகிற நேரம்தான் நமக்கு வருடப்பிறப்பு, அது விடியற்காலையாகவும் இருக்கலாம், நடுச்சாமமாகவும் இருக்கலாம். அந்த நேரத்துக்கு முன் 10 நாழிகை, பின் 10 நாழிகை, அதாவது எல்லாமாக எட்டு மணித்தியாலம், விஷு புண்ணியகாலம். விஷு என்ற சொல் விஷுவம் என்பதிலிருந்து வந்தது, பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள் என்று பொருள். ஆனால் இன்றைக்கு அந்தச் சமநாள் மார்ச் 20 அல்லது 21 இல் வந்துவிடுகிறதே? பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தலையாட்டுவதால், நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் நம் ஆண்டு, கிட்டத்தட்ட 70 வருடத்துக்கு ஒரு நாள் என்று தள்ளித் தள்ளிப் போகிறது. ஏறத்தாழ 1,700 வருடங்களுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் இருந்தன, இப்போது 24 நாள் இடைவெளி. நாள் நகர்ந்துவிட்டது, பெயர் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. இதை அறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். எங்கள் திருகோணமலையில் அது எப்படி வரும் என்றால், வாடைக்காற்று ஓய்ந்து கடல் குளம் மாதிரிக் கிடக்கும், வேம்பு பூத்து முற்றமெல்லாம் கொட்டும், கொன்றை மஞ்சளாகத் தொங்கும்.

மருத்துநீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தாழம்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பால், கோசலம் (பசுவின் மூத்திரம்), கோமயம் (சாணம்), கோரோசனை, மஞ்சள், திப்பிலி, சுக்கு எல்லாம் போட்டுக் காய்ச்சுவது. முன்பு அம்மம்மா வீட்டிலேயே மண்சட்டியில் காய்ச்சுவார், இப்போது பெரும்பாலும் கோயிலில் ஐயர் காய்ச்சித் தருகிறார், நாங்கள் சோடாப் போத்தலைக் கொண்டுபோய் வாங்கி வருகிறோம். கலங்கிய பழுப்பு நிறம், சுக்கும் மாட்டுத்தொழுவமும் கலந்த ஒரு வாசம். அந்த வருடம் தலையில் வைக்க எந்த இலை, காலில் வைக்க எந்த இலை என்பதையும் பஞ்சாங்கமே சொல்லிவிடும். அம்மம்மா என் உச்சியில் இலையை வைத்து அதன்மேல் மருத்துநீரை ஊற்றுவார், முதல் சொட்டு நெற்றி வழியாக இறங்கி வாயோரம் வரும்போது கசக்கும். அவருடைய விரல்கள் என் தலையை அழுத்திப் பிடித்திருந்தது இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குத் தலையில் ஒரு சொட்டு தடவினால் போதும் என்று இப்போது சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, நன்றாக ஊற்றி முழுக வைக்க வேண்டும்.

அப்புறம் புது உடுப்பு, முற்றத்தில் பொங்கல், கைவிசேஷம். வெற்றிலையில் நெல்லும் பூவும் காசும் வைத்து அப்பா தருவார், காலில் விழுந்து இரண்டு கையாலும் வாங்க வேண்டும். அந்தக் காசைச் செலவழிக்க விடமாட்டார்கள். சிங்களக் குடும்பங்களும் இதே சூரிய மாற்றத்தைத்தான் கொண்டாடுவதால் அவர்களுடைய கொக்கிஸ் பலகாரத் தட்டு இந்தப் பக்கம் வரும், முறுக்கும் பயற்றம் பணியாரமும் அந்தப் பக்கம் போகும்.

எங்கள் ஊருக்கு இந்த நாளில் ஒரு வலியும் உண்டு. 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை அழித்தது வருடப்பிறப்பு அன்றுதான் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். சுவாமி வீதியுலா போயிருந்த வேளையில் பிராமண வேடத்தில் உள்ளே நுழைந்தார்களாம். இடித்த கல்லை வைத்தே கோட்டை கட்டினார்கள், இன்று பிரட்றிக் கோட்டை என்று சொல்லும் அதன் வாசலில் இணைக்கயல் என்ற இரட்டை மீன் சின்னமும், கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லும் மன்னன் குளக்கோட்டன் பெயர் வரும் தமிழ்க் கல்வெட்டும் இன்னும் இருக்கின்றன. 1950 இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருவுருவங்கள் கிடைத்தன, 1963 இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. வருடப்பிறப்பன்று கோயிலுக்குப் போகிற எல்லோரும் அந்தக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் அந்தக் கல்வெட்டடியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

மகளிடம் இதையெல்லாம் சொன்னபோது அவளுக்குப் பிடித்துப்போனது அந்த 24 நாள் கணக்குதான். சரி, வரும் மார்ச் 20ஆம் திகதி விடியற்காலையில் அவளைக் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அன்றைக்குச் சூரியன் நேர்கிழக்கில் கடலுக்குள்ளிருந்து எழும்பும், திசையறி கருவியை வைத்துப் பார்க்க வேண்டுமாம். ஏப்ரலில் மறுபடி வந்து சூரியன் எவ்வளவு வடக்கே தள்ளிப் போயிருக்கிறது என்று அளப்பதாகச் சொல்லி, கொப்பியில் இப்போதே கோடு போட்டு வைத்திருக்கிறாள்.